ஒழுக வேண்டிய ஓட்டை

தெரு முழுக்க அவனைச் சீச்சி என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் அச்சானதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு போல்ட்டைக் கழற்றினால் ஒரு சீச்சீ, கழற்றிய இடத்தில் கசடு வழிந்தால் இன்னொரு சீச்சீ. இன்ஜின் பிரிக்கிறவனுக்கு இன்ஜினைக் கண்டால் குமட்டும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் உள்ளது அதுதான். கருகிப்போன ஆயிலின் வீச்சம் மூக்கில் ஏறினால் அவன் முகம் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை முகம் மாதிரி கோணிக்கொள்ளும்.

அந்த மூக்கு தாய்வழியில் வந்த மூக்கு. அவன் அம்மாவின் சின்னத் தாய்மாமன் மாட்டு வியாபாரம் பண்ணினார், மாட்டு வாடை ஆகாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கம் தள்ளி நின்று, கத்திக் கத்தி விலை பேசுவார். அம்மாவின் தங்கை ஒருத்தி பிள்ளை பெற்ற மறுநாளே ஆஸ்பத்திரி நாற்றம் தாங்காமல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்படிப்பட்ட மூக்கு வந்து இறங்கிய இடம் டிராக்டர் பட்டறை.

"இவ்வளவு அருவருப்புப் படுறவன் வேற வேலைக்குப் போகவேண்டியதுதானே?" என்று கேட்டால், "அழுக்கா இருந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. அதான் கழுவுறேன். கழுவிட்டா இன்ஜின் தானா ஓடுது, அதுக்கு நான் என்ன செய்ய?" என்பான். ஆள்கள் அவனைத் தேடி வந்ததே அதனால்தான். அவன் பிரித்துக் கழுவிய இன்ஜின் பிளாக்கில் முகம் பார்க்கலாம் என்பார்கள். பட்டறை தகரக் கூரை போட்ட நீளமான ஒற்றை அறை. உள்ளே ஒரு டீசல் தொட்டி, கை தேய்க்க மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்த டப்பா, வந்தவர்கள் உட்கார ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை அவன் தினமும் துடைப்பான், ஆனாலும் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்.

ஒரு பழைய டிராக்டரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்த அன்று மழைக்கு முந்தின புழுக்கம். முன்னால் ஸ்கூட்டரில் வந்தவர் அவன் அக்கா புருஷன். அவருக்குத் தெருவில் வெள்ளைச்சட்டை என்று பேர். நிலமும் டிராக்டரும் வைத்திருந்தவர், ஆனால் சட்டையில் ஒரு மண்துளி பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவார் என்று அவருக்கே தெரியாது.

"மாப்ள, மழை இறங்குறதுக்குள்ள இது ஓடணும்" என்றார், வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு. "வெளி மெக்கானிக் எவனும் அந்தக் காலத்து இன்ஜினைத் தொட மாட்டேங்குறான். உள்ள என்ன இருந்தாலும் நமக்குள்ள இருக்கட்டும்."

"உள்ள என்ன இருக்கும் அத்தான்?"

"என்ன இருக்கும், தண்ணிதான் இருக்கும். யார் ஊத்தினதுன்னுதான் ஊருக்கே தெரியுமே."

அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பட்டறையின் பின்பக்கம் ஒருத்தன் நின்றான். அவன் சீச்சியின் பெண்டாட்டிக்குத் தம்பி. வெள்ளைச்சட்டை சீச்சிக்கு எந்த முறையோ, சீச்சி அவனுக்கு அதே முறை, அக்கா புருஷன். இவன் அவரை அத்தான் என்பான், அவன் இவனை அத்தான் என்பான். நடுவில் மாட்டிக்கொண்டது சீச்சி.

அந்தத் தம்பிதான் இந்த டிராக்டரைத் தன் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே ஓட்டியவன். பெண்டாட்டிக்குப் பேறுகாலம், நாலு நாள் லீவு வேண்டும் என்று கேட்டிருக்கிறான். உழவு நேரத்தில் லீவா என்று வெள்ளைச்சட்டை கையை விரித்திருக்கிறார். இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது. மறுநாள் காலையில் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினால் கறுப்பாக வரவேண்டிய ஆயில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக வருகிறது. வெள்ளைச்சட்டை நேரே நாலு ரோட்டு டீக்கடைக்குப் போய் நின்று, "லீவு தரலைன்னு இன்ஜினுக்குள்ள தண்ணிய ஊத்திட்டான்" என்று சொன்னார். டீக்கடையில் சொன்னால் மதியத்துக்குள் எல்லா முதலாளிக்கும் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் அவன் கையில் ஒருத்தரும் ஸ்டீயரிங்கைக் கொடுக்கவில்லை. பச்சைக்குழந்தையையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு சீச்சி வீட்டுப் பக்கத்து அறையில் வந்து இருந்தான். கிடைத்த நாளில் செங்கல் ஏற்றினான். கிடைக்காத நாளில் பட்டறையில் நட்டு போல்ட்டைக் கழுவிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தான்.

அன்று மதியம் சாப்பாடு போடும்போது சீச்சியின் பெண்டாட்டி சொன்னாள்: "ஏங்க, அதைப் பிரிச்சுப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்க. என் தம்பி ஊத்தியிருந்தா அதையும் சொல்லுங்க. அவனை நானே வெளிய அனுப்புறேன். ஊத்தலைன்னா அவர் வாயாலயே அதை ஊர் கேக்கணும்."

"எங்கக்கா வீடுடி அது."

"தெரியும். இதும் உங்க வீடுதான்."

சீச்சி டிராக்டரின் வயிற்றுக்கடியில் சட்டியை வைத்து ஆயில் அடைப்பானைத் திறந்தான். ஆயில் வரவில்லை. சளி மாதிரி ஒன்று மெதுவாக எட்டிப்பார்த்து, நின்று, யோசித்து, பிறகு கட்டி கட்டியாக விழுந்தது. சாம்பலைக் கரைத்த கெட்டுப்போன பால் என்று வைத்துக்கொள்ளலாம். புளித்த வாடையும் கருகிய வாடையும் சேர்ந்து மேலே வர, அவன் எழுந்து வெளியே ஓடி மூன்று தடவை துப்பினான்.

"கருமம். பிணத்தைப் பிரிச்சாக்கூட இப்படி இருக்காது."

"நான் பிரிக்கட்டுமா அத்தான்?" என்றான் மச்சினன்.

"நீ தொடாதே. நீ தொட்டா, நீதான் உள்ள எதையோ வச்சேன்னு ஒரு பேச்சு வரும். தள்ளி நின்னு பாரு."

இன்ஜினின் தலையைக் கழற்றினான். தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் வரும் கேஸ்கட் எங்கும் எரியவில்லை, முழுசாக இருந்தது. தலையிலும் பிளாக்கிலும் சுண்ணாம்புத் தண்ணீர் பூசி, காயவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். கீறல் இல்லை. மேலிருந்து தண்ணீர் இறங்க வழியே இல்லை. வழி எதுவும் இல்லையென்றால், கையால் ஊற்றியது என்றுதானே ஆகும்?

மூன்று சிலிண்டர். ஒவ்வொன்றிலும் லைனர் என்கிற இரும்புக் குழாய் தனியாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும், அதற்குள்ளே பிஸ்டன் ஓடும். லைனர்களை உருவினான். தண்ணீர் ஓடும் இடுக்கைப் பார்த்ததும் மறுபடியும் ஓங்கரித்தது. துருச்சேறு, பாசி, நத்தை ஓடுகள். ஒரு தவளையின் எலும்பு, அவிந்து, வெள்ளை வெளேரென்று. குட்டைத் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். மேலே கஞ்சி போட்ட சட்டை, கீழே இந்தக் கண்ராவி.

ஒவ்வொன்றாகத் துடைத்து, புரியாததெல்லாம் என்ன என்று பார்த்துக்கொண்டே வந்தான். அந்தக் காலத்து வெளிநாட்டுப் பிளாக், அவன் கைக்கு இதுவரை வராதது. பக்கவாட்டில் தட்டு மாதிரி அடித்து வைத்த தகர மூடிகள் இருந்தன. அது தெரிந்த விஷயம், வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுத்த வாசல். ஒரு மூலையில் ஒன்றுக்கும் உதவாத ஒரு காது துருத்திக்கொண்டு நின்றது. அதுவும் பரவாயில்லை, வேறு வண்டிக்கு இதே அச்சில் வார்த்திருப்பார்கள். புரியாதது ஒன்றே ஒன்று. லைனர் அடியில் போய் உட்காரும் இடத்தில், தண்ணீரைத் தடுக்கும் இரண்டு ரப்பர் ரிங்கும் உட்காரும் வரிகளுக்கு நடுவில், பொடி ஓட்டை ஒன்று. மூன்று சிலிண்டருக்கும் மூன்று ஓட்டை. கம்பியை விட்டுப் பார்த்தான். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கம்பி பிளாக்கின் வெளிப்பக்கம் வந்து மூக்கை நீட்டியது. முதலாவதில் பாதியில் முட்டி நின்றது.

தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வெளியே போக வழி எதற்கு? எவனோ துளைத்துவிட்டு மூட மறந்த ஓட்டை என்றுதான் அவனுக்குப் பட்டது. முதலாவதுதான் ஒழுங்காக மூடியிருக்கிறது, மற்ற இரண்டும் தறுதலை. அந்த இரண்டிலும் மரை போட்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கிவிடலாம் என்று ஸ்க்ரூவைக்கூட எடுத்து வைத்துவிட்டான். அதை மட்டும் செய்திருந்தால் இந்தக் கதை வெள்ளைச்சட்டை டீக்கடையில் சொன்னதோடே முடிந்துபோயிருக்கும்.

மூடியிருக்கிறதா, கசடு அடைத்திருக்கிறதா என்று நிச்சயம் பண்ணத்தான் ஒரு ரப்பர் குழாயை முதல் ஓட்டையில் சொருகி வாயால் ஊதினான். ஊதிய காற்று போகவில்லை. திரும்பி வந்தது, தனியாக வரவில்லை. உள்ளே ஒளிந்திருந்த சாம்பல் சளி ஒரு வாய் நிறைய வந்து நாக்கில் உட்கார்ந்தது.

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். காலையில் சாப்பிட்டது மதியம் சாப்பிட்டது எல்லாம் அந்தப் பிளாக்கின் மேலேயே போனது. மச்சினன் ஓடிவந்து தலையைப் பிடித்தான். வாயைக் கழுவிக் கழுவி உதடு வெளுத்துப்போன பிறகும் அந்த ருசி போகவில்லை.

வேறொருத்தனாக இருந்தால் பிளாக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். சீச்சியால் ஆகாது. தன் வாந்தி ஒரு இடத்தில் கிடக்கிறது என்று தெரிந்தால் அவனுக்கு உட்காரவே முடியாது. அழுக்கு எல்லாத் திக்கிலும் போகாமல் இருக்க லைனர்களைப் பழைய ரிங்குகளோடே திரும்ப உள்ளே இறக்கினான். தண்ணீர்ப் பாதையின் வாயை அடைத்து, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, ஊறட்டும் என்று விட்டான். கழற்றி மாட்டியதில் நைந்துபோன ரிங்குகள், கசியத்தானே செய்யும்.

கசிந்தது. ஆனால் கசிந்த விதம்தான் அவனைக் குந்தவைத்தது. இரண்டாவது ஓட்டையிலிருந்தும் மூன்றாவது ஓட்டையிலிருந்தும் நூல் மாதிரி தண்ணீர் வெளிப்பக்கம் வழிந்து தரையில் விழுந்தது. அடியில், ஆயில் சட்டி வரும் பக்கம், அந்த இரண்டிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. முதலாவதில் வெளியே ஒன்றும் வரவில்லை. அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

கீழே படுத்துப் பார்த்தான். எழுந்து பக்கவாட்டில் பார்த்தான். மறுபடி படுத்தான்.

"என்ன அத்தான்?"

"இது மறந்த ஓட்டை இல்லடா. வேணும்னு வச்ச ஓட்டை. மேல் ரிங்கு போனா தண்ணி கீழ இறங்காம இது வழியா வெளிய வந்துரும். வெளிய ஒழுகினா, பார்க்கிறவன் ரிங்கு போச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். ஒழுகுறதுக்குன்னே வச்சிருக்கான் மகராசன்."

"அப்ப ஒண்ணாவது?"

"ஒண்ணாவதை எவனோ அடைச்சிருக்கான். வெளிய போக வழியில்லாத தண்ணி, கீழ் ரிங்கையும் தள்ளிட்டு ஆயிலுக்குள்ள போயிருக்கு."

மச்சினன் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

முதல் ஓட்டையின் வெளிவாய் இருக்கவேண்டிய இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு. சீச்சி அதைச் சுரண்டினான். பெயின்ட் போக, அடியில் ரோஸ் நிறம். உருக்கி அப்பிய பிளாஸ்டிக். அதில் முள் முள்ளாக என்னவோ நின்றது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் தும்பு, கருகி, ஒன்றோடொன்று ஒட்டி.

இதை அவன் முன்னாலேயே பார்த்திருக்கிறான், அக்கா வீட்டில். அந்த வீட்டுக் குளியலறை வாளியின் அடியில் பச்சைப் பொருக்கு ஒன்று இருக்கும், அதில் இப்படித்தான் தும்பு நிற்கும். தண்ணீர் மொள்ளும்போது விரலில் பட்டு, அவன் அரைக்குளியலோடு வெளியே வந்த நாள் உண்டு. தோட்டத்துக் குழாயில் நீலப் பொருக்கு, தொட்டியில் மஞ்சள் பொருக்கு. ஒழுகுவது என்றால் அந்தக் குடும்பத்துக்கே ஆகாது. வெள்ளைச்சட்டையின் அப்பா, ஒரு குழாய் சொட்டினால் சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவர். பழைய பிரஷ்ஷை நெருப்பில் காட்டி உருக்கி ஓட்டையில் அப்புவது அவர் கண்டுபிடித்த வைத்தியம். மகன் அதைச் சொத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அக்காவையும் அத்தானையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினான். பெண்டாட்டியும் தம்பியின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். மச்சினன் பின்னால் போய் மறைந்துகொள்ளப் பார்த்தான், அவள் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"அத்தான், உங்க கைக்குட்டையைக் கொடுங்க."

"எதுக்கு மாப்ள?"

"கொடுங்க."

வெளுத்து மடித்த கைக்குட்டை வந்தது. சீச்சி அதை முதல் சிலிண்டருக்கு அடியில் விரித்து, மேலே தண்ணீரை ஊற்றினான். இரண்டு ஓட்டை வெளியே ஒழுகியது. முதலாவதின் அடியில் கைக்குட்டை மேல் ஒரு சாம்பல் பொட்டு விழுந்தது. இன்னொரு பொட்டு. எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சீச்சி எதற்கு ஓட்டை, அடைத்தால் என்ன ஆகும் என்று, அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொன்னான். பிறகு ரோஸ் பொருக்கைக் காட்டினான்.

அக்கா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் பிரஷ்டா தம்பி."

"பழைய பிரஷ்ஷாக்கா?"

"பழசு எங்க, வாங்கி வச்ச மூணாம் நாள் காணோம். அதே ரோஸு. வேலைக்கு வந்த பொண்ணு எடுத்திருப்பாள்னு இவர்தான் சொன்னார். நான் அந்தப் பொண்ணை நிறுத்திட்டேன்." அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "என் பிரஷ்ஷையா கொண்டுபோய் இதுக்குள்ள வச்சீங்க?"

வெள்ளைச்சட்டை கைகளைத் தேய்த்துக்கொண்டார், தண்ணீர் இல்லாமலே கழுவுகிற மாதிரி. "ஒழுகுச்சு. அடைச்சேன். ஒழுகுறதை அடைக்கிறது ஒரு தப்பா?"

"தப்பில்ல அத்தான், தெரியாம செஞ்சது" என்றான் சீச்சி. "நானே மத்த ரெண்டையும் அடைக்கத்தான் ஸ்க்ரூ எடுத்தேன். ஆனா ஆயில் சாம்பலா வந்தப்ப, நாமதானே இதுல கை வச்சோம்னு உங்களுக்கு ஞாபகம் வரலையா?"

அவர் வாசலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார்.

"வந்துச்சா இல்லையா?"

"வராம என்ன. வந்துச்சு. ஆனா இதனாலதான்னு எப்படிச் சொல்ல முடியும்? அவனும் முந்தின நாள்தான் எதிர்த்துப் பேசியிருந்தான்." குரலைத் தாழ்த்தினார். "சரி மாப்ள, ஆனது ஆச்சு. அவனை வேலைக்குத் திரும்ப வரச்சொல்லு. கூடக் கொஞ்சம் போட்டுத் தர்றேன். இது நமக்குள்ள இருக்கட்டும்."

சீச்சிக்கு நாக்கில் அந்தச் சாம்பல் ருசி திரும்ப வந்தது. சட்டியில் கிடந்த சளி பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பார்த்தால் இப்போது ஒன்றும் செய்யவில்லை. அது பாவம், போக வழியில்லாமல் அப்படி ஆனது. இவர் வழியிருந்தும் இப்படி இருக்கிறார்.

"அதை நீங்களே உருவுங்க" என்றான்.

"எதை?"

"உங்க அடைப்பை. நீங்க வச்சது, உங்க கையாலயே எடுங்க. அதுவரைக்கும் இதுல ஒரு போல்ட் ஏறாது."

வெள்ளைச்சட்டை சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள், "எடுங்க" என்றாள். சட்டைக்கையை மடித்துக்கொண்டு, இரண்டு விரலால், பல்லியின் வாலைப் பிடிக்கிற மாதிரி பிடித்து இழுத்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்துத் தோண்டினார். வந்தது. பின்னாலேயே இத்தனை நாள் அடைந்திருந்தது பீய்ச்சிக்கொண்டு அவர் மணிக்கட்டில், மடித்த கையில், பாக்கெட்டில் எல்லாம் தெறித்தது. அவர் பொருக்கைக் கீழே போட்டுவிட்டு டீசல் தொட்டிக்கு ஓடினார்.

கீழே கிடந்ததை எடுத்தது அக்கா. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

"எங்கடி போற?" என்றார் வெள்ளைச்சட்டை, கையெல்லாம் மரத்தூளோடு.

"டீக்கடைக்கு. நீங்க கழுவி முடிக்கிறதுக்குள்ள அவங்க கடையை அடைச்சிருவாங்க."

வெள்ளைச்சட்டை எவ்வளவு வேகமாகக் கழுவினார், கழுவி முடித்தாரா என்பது தெரியாது. பின்னாலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சியின் மேல் டீ கிளாஸ்களுக்கு நடுவே அந்த ரோஸ் துண்டு இருந்தது. நாலு பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க" என்றாள் அக்கா. அவர் சொன்னார். தண்ணீர் ஊற்றியது யாரும் இல்லை, அடைத்தது நான் என்று, சட்டைக் கறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். டீக்கடைக்காரர் மட்டும், "அந்தத் துண்டை பெஞ்சியிலிருந்து எடுங்கம்மா, டீ குடிக்கிற இடம்" என்றாராம்.

அன்று மாலையே செங்கல் சூளை முதலாளி மச்சினனைக் கூப்பிட்டு அனுப்பினார், ஏற்றுவதற்கு இல்லை, லாரி ஓட்டுவதற்கு. வெள்ளைச்சட்டையின் டிராக்டரை அவன் அதற்கப்புறம் தொடவில்லை. அக்கா அந்த வேலைக்காரப் பெண்ணைத் தேடிப் போனாள். அந்தப் பெண் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள், திரும்ப வரவில்லை.

இன்ஜினைச் சீச்சி கழுவி, புது ரிங்கு போட்டு, மழைக்கு முன்னால் ஓடவைத்துக் கொடுத்தான். அந்த மூன்று ஓட்டையின் வாயையும் நன்றாகத் தெரிகிற மாதிரி சுற்றி வெள்ளைப் பெயின்ட் வளையம் போட்டான். வண்டியை எடுக்க வந்த வெள்ளைச்சட்டை, சோப்பு மணக்கிற கையைக் குலுக்க நீட்டினார். சீச்சியின் கையில் அப்போது ஸ்பானர் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் குனிந்து, கீழே கிடந்த கசடுச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டான்.

"போயிட்டு வாங்க அத்தான்" என்றான். "கை அழுக்கா இருக்கு."